கலாதேவி தேடிய ரோம்

எந்தப் புத்தகத்தையும் கலாதேவி நடுவில்தான் பிரிப்பாள். நின்றபடியே ஒரு பத்தி படிப்பாள், உதடு அசையும். சண்டையும் ராஜாக்கள் பெயரும் மட்டும் இருந்தால் மூடிவிடுவாள். "என்ன சாப்பிட்டாங்கன்னு தெரியாதவன் மத்தத மட்டும் சரியா எழுதிடுவானா?"

ஞாயிறுதோறும் சிம்பாங் பூலாயிலிருந்து பஸ் ஏறி, மலேசியாவின் ஈப்போ நகரில் முகமது இப்ராஹிமின் பழைய புத்தகக் கடைக்கு வருவாள். வயது ஐம்பத்தாறு. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் போர்வை மடிக்கும் வேலை. கேட்பது ஒன்றே ஒன்று: ரோம் எப்படி எழுந்தது? பைத்தியக்காரச் சக்கரவர்த்திகள் வேண்டாம். அது சரிந்த கதையும் வேண்டாம். "விழுறது எப்படின்னு எனக்கே தெரியும் பாய்" என்பாள்.

சித்தியவான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். மூன்று தலைமுறையாகப் பால் மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்த குடும்பம். தோட்டத்தை விற்றபோது ஒரே மாதத்தில் தொழிலாளர் வரிசை வீடான லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். கோயில் நின்ற மண்கூட அங்கே இருந்தவர்கள் பெயரில் இல்லை. சில வருடம் கழித்து டிவியில் ரோமின் தொடக்கத்தைக் காட்டினார்கள்: ஆற்றோரம், சேறு, நாலைந்து குடிசைகள். "நம்ம லயம் அதவிட நல்லா இருந்துச்சு லா. அவங்க மட்டும் என்னதான் செஞ்சாங்க?"

பதில் லேசில் கிடைக்கவில்லை. தமிழில் கிடைத்தது ஆயிரம் வருடத்தை அறுபது பக்கத்தில் தாண்டியது. மலாய் மொழியில் கிடைத்தது பரீட்சைக் குறிப்பு. ஆங்கிலத்தில் ஒன்று படம் போட்ட சிறுவர் புத்தகம். இன்னொன்றில் பாதிப் பக்கம் அடிக்குறிப்பு. இப்படியே ஆறு வருடம் போயிற்று.

போன வருடம், இறந்துபோன ஓர் ஆசிரியரின் வீட்டிலிருந்து வந்த பெட்டியில் இப்ராஹிம் அதைக் கண்டெடுத்தார். அறுநூறு பக்கம், எளிய ஆங்கிலம். கலாதேவி நடுவில் பிரித்தாள். விதைப்பு முடியட்டும் என்று போரைத் தள்ளிவைக்கச் சொல்லும் குடியானவர்கள். கூழ், உப்பு, கடன். அகராதி இல்லாமலே புரிந்தது. "இதான் பாய்" என்றாள்.

நாற்பத்தொரு பக்கம் படித்தாள். அதற்குள் வரிகள் வளைந்தன. பிறகு வலது கண்ணுக்குள் கறுப்பு நூல்போல ஏதோ மிதந்தது. இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், கண்ணுக்குப் போய்விட்டது என்றார் டாக்டர். லேசர் வைத்தார்கள். ஆறு மாதத்தில் இடது கண்ணும் மங்கியது. வேலையும் போயிற்று.

சென்ற ஞாயிறு, பக்கத்து வீட்டு விமலாவின் கையைப் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தாள். மேசையைத் தடவிப் புத்தகத்தை வைத்தாள்.

"வேற யாராச்சும் கேட்டா கொடுங்க."

"இத யாரு கேக்கப்போறா அக்கா? போன்ல போட்டா அதுவே படிச்சுச் சொல்லும் லா."

"கேட்டுப் பாத்தேன் பாய். அது பாட்டுக்கு ஓடுது. புரியாத வரியில நின்னு யோசிக்க முடியல. அவங்க எப்படி எந்திரிச்சாங்கன்னு தெரியாமலே போகப்போறேன்."

இப்ராஹிம் முக்காலியை இழுத்துப் போட்டார். விமலா சாமான் வாங்கச் சந்தைக்குப் போனாள். கலாதேவி புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துப் பிரித்தாள். ஒரு பக்கத்தைப் புரட்டினாள். படித்து முடிக்க ஆகும் நேரம் பொறுத்திருந்தாள். அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

தாள் பறக்காமலிருக்க, இப்ராஹிம் எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினார்.