பின் சீட்டில் வந்த வாசனை

மாதனூர் தாண்டியதும் எனக்கு முன்னால் போன லாரி சட்டென்று ஒதுங்கியது. எதற்கு ஒதுங்குகிறான் என்று நான் யோசிப்பதற்குள் ரோட்டில் கிடந்த இரும்புத் துண்டு ஒன்று என் காருக்கு அடியில் போய்விட்டது. ஏதோ ஒரு வண்டியிலிருந்து உடைந்து விழுந்த பட்டை, முழ நீளம் இருக்கும். ஒரே ஒரு சத்தம்தான். பின் சீட்டில் படுத்திருந்த அப்பாவைத் தூக்கிப் போட்டது.

"இன்னாம்மா அது?"

"ஒண்ணும் இல்லப்பா. கல்லு."

கல் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் வண்டி ஓடியது. எந்த எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. எலெக்ட்ரிக் கார் என்பதால் எஞ்சின் சத்தம் மாறியிருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்கவும் வழியில்லை. வாங்கிய நாளிலிருந்து நான் பெருமையடித்துக்கொண்ட அந்த அமைதி, அன்று ஆம்பூர் வந்து சேரும்வரை எனக்குப் பிடிக்கவில்லை.

அப்பா ஒடுகத்தூர்ப் பக்கம் வேர்க்கடலை பயிரிட்டுக்கொண்டிருந்தவர். சிறுநீரகம் கெட்ட பிறகு ஆம்பூருக்கு என்னோடு வந்துவிட்டார். வாரத்தில் மூன்று நாள் வேலூருக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். ஒரு நாள் தவறினால் கால் வீங்கும். இரண்டு தவறினால் மூச்சு வாங்கும். அதற்கு மேல் என்ன ஆகும் என்று டாக்டரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மறுநாள் டயர் கடையில் வண்டியைத் தூக்கிப் பார்த்தோம். பேட்டரிப் பெட்டியின் அடித்தகடு உள்வாங்கி, விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. சரியாகப் பின் சீட்டுக்குக் கீழே. கடைக்காரர் டார்ச்சை அணைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனார்.

"நான் இதுல கை வெக்க மாட்டேன்க்கா. பெட்ரோல் வண்டின்னா சொல்லுங்க, பிரிச்சிப் போட்டுடறேன். இத்த கம்பெனில காட்டுங்க."

வேலூரில் இருக்கும் சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தேன். தகடு வெளியூரிலிருந்து வர வேண்டும், மூன்று வாரம் ஆகலாம், அதுவரை ஓட்டாதீர்கள் என்றார்கள். வாடகைக் கார் வைத்திருக்கலாம். முன்பு ஒருமுறை வைத்தோம். திரும்பும்போது அப்பா வாந்தி எடுத்தார். டிரைவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வண்டி ஓட்டினார். இனி அடுத்தவர் வண்டியில் ஏறமாட்டேன் என்று அப்பா அன்றே சொல்லிவிட்டார். இது பாதிக் காரணம். மீதி என் திமிர்.

பதினெட்டு வருடமாக ஷூ கம்பெனியில், சோல் ஒட்டும் பிரிவில் இருக்கிறேன். இப்போது சூப்பர்வைசர். ஒட்டி முடியாத பொருள் உலகத்தில் கிடையாது என்பது எங்கள் பிரிவில் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. வீட்டில் வாளி ஓட்டையானாலும், தண்ணீர்த் தொட்டி கசிந்தாலும், பிள்ளைகளின் பள்ளிப் பை அறுந்தாலும் எங்களுக்கு ஒரே வைத்தியம்தான். டயர் கடையிலேயே வண்டியைத் தூக்கச் சொல்லி அதையே செய்தேன். தகட்டை உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கி, இரண்டு தடவை பசை தடவி, காயவிட்டு, சூடு காட்டி, சோல் ரப்பர் ஷீட்டை வைத்து அமுக்கினேன். டயர் கடைக்காரர் தெருவிலேயே நின்றுகொண்டார். பயந்தாங்கொள்ளி என்று மனதுக்குள் சிரித்தேன். ஒட்டு பிரமாதமாக வந்திருந்தது. நகத்தால் நெம்பிப் பார்த்தேன், அசையவில்லை.

அடுத்த புதன்கிழமை பள்ளிகொண்டா நெருங்கும்போது அப்பா சொன்னார்:

"எம்மா, இன்னாவோ இனிப்பா ஒரு நாத்தம் வருது. தல சுத்துது."

எனக்குச் சுரீர் என்றது. ஷிப்ட் முடிந்து உடை மாற்றக்கூட நேரமில்லாமல் வந்திருந்தேன். எங்கள் பசைக்கும் அதே இனிப்புதான். துணியில், தலைமுடியில், சாப்பிடும் விரலில் எல்லாம் இருக்கும். பேருந்தில் பக்கத்தில் உட்காருபவர்கள் எழுந்து போவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

"என் துணிதாம்ப்பா அது. அந்த நாத்தந்தான் இவ்ளோ வருஷமா நமக்குச் சோறு போடுது. உனக்கு ஊசி போட்றதும் அதான்."

சொல்லியிருக்கக் கூடாது. கண்ணாடியில் பார்த்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. ஏறியதும் ஜன்னலை இறக்கிவிடுவார். ஏசி ஓடும்போது எதற்கு என்று கத்துவேன். "காத்து வேணும்மா" என்பார். இரண்டாவது வாரம் மழை பிடித்துக்கொண்டது. சாரல் முகத்தில் அடிக்க அடிக்க ஜன்னலோரம் தலையை வைத்தபடியே வந்தார். டயாலிசிஸ் முடித்தவருக்குக் குளிர் ஆகாது என்று நானே பின்னால் கையை நீட்டித் துண்டைப் போர்த்திவிட்டேன். கண்ணாடியை மட்டும் அவர் ஏற்றவிடவில்லை.

மூன்றாவது வாரம் தகடு வந்தது. அப்பாவை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வண்டியைக் கொண்டுபோனேன். சர்வீஸ் பையன்கள் அதைத் தூக்கிக்கூட முடிக்கவில்லை, இன்ஜினியர் ஓடிவந்து எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு அவர் என் ரப்பர் ஷீட்டை உரிக்க வெகுநேரம் பிடித்தது. அவ்வளவு நல்ல ஒட்டு.

"மேடம், உள்ள ஒரு பேட்டரி செல்லு நசுங்கி, அதுல இருக்கற திரவம் கசிஞ்சினு இருக்குது. கீழ போற வழிய நீங்க அடைச்சிட்டீங்க. அது மேல வழி தேடியிருக்குது. இனிப்பா இவ்ளோ வாசனை வருதே, உங்களுக்குத் தெரியலையா?"

கிட்டே போய் மூச்சை இழுத்தேன். இன்னும் ஒருமுறை இழுத்தேன். என் வேலையின் வாசனை, தினமும் இருப்பதுதான். வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

"பின்னாடி யாராச்சும் உக்காருவாங்களா?" என்று கேட்டார். அப்பா படுக்கும் இடத்தைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு நாள் தீப்பிடித்திருந்தால் கதவைத் திறந்து இறங்கும் தெம்புகூட இல்லாதவரை அதன்மேல் படுக்கவைத்து ஓட்டியிருக்கிறேன்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து அப்பாவிடம் கேட்டேன்.

"தெனமும் வந்துதாப்பா?"

"வந்துச்சு. போகப் போக ஜாஸ்தியாச்சு."

"அப்ப ஏம்ப்பா சொல்லல?"

"உன் வேல நாத்தம்னு நீதானம்மா சொன்ன. அத்தையே திரும்பத் திரும்பச் சொன்னா உனக்கு மனசு நோவாதா?"

ஊசி எடுத்த இடத்தில் கட்டுப்போட்ட அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். போகிறவர்கள் வருகிறவர்கள் வேறு ஏதோ நினைத்திருப்பார்கள்.

நசுங்கிய பகுதியை மாற்றி, புதுத் தகடு போட்டு வண்டியைக் கொடுத்துவிட்டார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதியும் கொடுத்தார்கள். இப்போதும் வாரத்தில் மூன்று நாள் போகிறோம். வண்டியை எடுக்கும் முன் நான் திரும்பிக் கேட்பேன்.

"ஏதாச்சும் வாசனை வருதாப்பா?"

அப்பா என் முகத்தைப் பார்ப்பார். பிறகு, "ஒண்ணும் இல்லம்மா, நீ போ" என்பார். சொல்லிக்கொண்டே ஜன்னலை இறக்குவார்.