மூட்டைக்கு விழுந்த வெளிச்சம்

போன வாரம் அட்டனில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் என் கை தானாக மேலே போய், சாமான் தட்டின் அடிப்பக்கத்தைத் தடவியது. பக்கத்து சீட்டில் புத்தகமும் கையுமாக இருந்த பிள்ளை, "என்னா மாமா தேடுறீங்க?" என்று கேட்டது. "ஒண்ணுமில்லம்மா" என்றேன். முப்பது வருடத்துக்கு முந்திய ஒரு பல்பைத் தேடுகிறேன் என்று எப்படிச் சொல்வது? புது ஆட்களிடம் பேச எனக்கு இப்போதும் நாக்கு எழும்பாது. உங்களிடம் என்றால் எழுதிவிடலாம்.

விரலை மோந்து பார்த்தேன். துரு வாசனை. எனக்கு வேண்டியிருந்தது பலகையும் தேயிலைத் தூளும் கலந்த வாசனை. வாலிபத்தில் நான் தோட்டத்து பாக்டரியில் தேயிலைப் பெட்டி அடித்தவன். பலகைகளை மூலை சேர்த்து, தகரப் பட்டி வைத்து ஆணி அடித்து, உள்ளே ஈயத்தாள் விரிக்க வேண்டும். அந்தத் தாள் கண்ணாடி மாதிரி பளபளக்கும். அதில் பார்த்துத்தான் தலை சீவுவோம். முகம் கோணலாகத் தெரியும். எனக்கு அது வசதியாகவே இருந்தது.

அப்போது பஸ்கள் தனியார் கையில் இருந்தன. எஞ்சினும் அடிச்சட்டமுமாக வந்து இறங்கும். மேலே கூடு நாம் கட்டிக்கொள்ள வேண்டும். அட்டன் கடைவீதி முதலாளி ஒருவர் மூன்று பஸ்ஸுக்குச் சொல்லிவைத்திருந்தார். பெட்டி அடிக்கிற கை தட்டும் அடிக்கும் என்று, முதல் வண்டியின் சாமான் தட்டையும் விளக்கையும் என் பொறுப்பில் விட்டார். "இது சரியா வந்தா மத்த ரெண்டும் ஒனக்கு. இல்லாட்டி வண்டிய கண்டிப் பட்டறைக்கு அனுப்பிருவேன். நீ திரும்பப் பொட்டி அடிக்கப் போயிரு" என்றார். அஞ்சாம் வகுப்போடு நின்றவனுக்கு இதைவிட நல்ல வேலை வரப்போவதில்லை.

மூன்று ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் சும்மா போய்வந்தேன். மற்ற வண்டிகளில் நடுக்கூரையில் ஒரே பல்பு. நிற்பவர்களின் தலை நிழல் உட்கார்ந்தவர்கள் மேல் விழுந்தது. வளைவுகளில் மேல் தட்டிலிருந்து கோவாக் கோஸ் மூட்டை மடியில் குதித்தது. பிரயாணப் பெட்டி என்றால் எங்கள் ஜனங்களுக்குப் பழைய தேயிலைப் பெட்டிதான். அதன் அகலத்துக்கு அளவெடுத்து, இடுக்கு விட்டு மரச்சட்டங்கள் வைத்து, தட்டைச் சுவர்ப் பக்கம் ஓர் அங்குலம் சாய்த்தேன். விளிம்பில் ஒரு தடுப்பும் வைத்தேன். விளக்கை நடுவிலிருந்து எடுத்து, பக்கத்துக்கு நாலாகத் தட்டுக்கு மேலே கூரையில் போட்டோம். சட்ட இடுக்குகள் வழியாக வெளிச்சம் நேராக சீட்டில் விழும் என்பது என் கணக்கு.

கூடு கட்டிய கொட்டகையின் கதவைச் சாத்திவிட்டு விளக்கை எரித்துப் பார்த்தோம். சீட்டெல்லாம் அணில் முதுகு மாதிரி கோடு கோடாக வெளிச்சம். லைட்டு வேலை பார்த்த பியசேன, "லஸ்ஸனை, மச்சாங்!" என்றான். அழகுதான். நானும் வாய்பிளந்து நின்றேன்.

தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தில் டயரை ஏற்றி, கந்தப்பளை வரை இனாமாக ஓட்டினார்கள். முதலாளி முன் சீட்டில். தலவாக்கலையில் ஜனம் நெரிந்தது. தட்டு இரண்டும் நிறைந்தன. வளைவுகளில் ஒரு கோவா உருளவில்லை. நான் கதவோரம் நின்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். நானுஓயாவில் மூடுபனி இறங்கி, மூன்று மணிக்கே இருட்டியது.

"லைட்டப் போடு" என்றார் முதலாளி.

கூரை ஜொலித்தது. மூட்டைகள் ஜொலித்தன. அதற்குக் கீழே கும்மிருட்டு. தட்டு காலியாக இருந்தபோது மட்டும்தான் நான் சோதித்திருந்தேன்.

றொசல்லையில் மகளைப் பார்த்துவிட்டுக் கந்தப்பளைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஓர் அக்கா இருட்டுக்குள்ளிருந்து குரல் கொடுத்தார்: "ஏந்தம்பி, எங்களுக்கு லைட்டு போட்டீங்களா, மூட்டைக்குப் போட்டீங்களா?"

பஸ்ஸே சிரித்தது. முதலாளி சிரிக்கவில்லை. "கண்டிக்கே குடுத்திருக்கணும்" என்றார்.

இறங்கி ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. அப்போது அந்த அக்காவின் தேயிலைப் பெட்டி மேலே கண்ணில் பட்டது. மூடி இடுக்கில் ஈயத்தாள் பளபளத்தது. எனக்கு எங்கிருந்தோ குரல் வந்தது.

"அக்கா, ஒங்க பொட்டித் தாள்ல கொஞ்சம் கிழிச்சுக்கவா?"

"கிழிச்சுக்க. உள்ள சீலை இருக்கு, அதக் கிழிச்சுடாத."

பியசேன ஒயரை மிச்சம் விட்டிருந்தது என் அதிர்ஷ்டம். ஒரு பல்பைச் சட்ட இடுக்கு வழியாகக் கீழே இழுத்து, தட்டின் அடியில் கயிற்றால் கட்டி, பின்னால் தாளை மடித்துச் செருகினேன். அந்த வரிசைக்கே வெளிச்சம் கொட்டியது. அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இப்பத்தான் மொகம் தெரியுது. இந்த மொகத்துக்கா இம்புட்டு வெக்கம்?"

முதலாளி நுவரெலியாவில் இறங்கும்போது, "மத்த ரெண்டுலயும் மொதல்லயே கீழ போட்டுரு" என்றார்.

போட்டேன். தலையில் இடிக்காதபடி தட்டின் அடியிலேயே குழித்து, ஈயத்தாள் ஒட்டி, கம்பி வலை அடித்தேன். அதைவிட நல்ல வெளிச்சம் அந்தப் பாதையில் எந்த பஸ்ஸிலும் இருந்ததில்லை. சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அரசாங்கம் பஸ்களை எடுத்துக்கொண்ட பிறகும் என் மூன்று வண்டிகளும் வேறு நிறத்தில் ஓடின. பிறகு, ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட எங்கள் ஜனங்களின் பெட்டிகள் அந்தத் தட்டுகளில் ஸ்டேஷனுக்குப் போக ஆரம்பித்தன. கந்தப்பளை அக்காவும் ஒருநாள் பெட்டியோடு கொட்டகைக்கு வந்தார். "நீ கிழிச்ச பொட்டிதான். கடல் தாண்டுமா?" என்றார். புதுத் தாள் ஒட்டி, மூலைக்கு நாலு ஆணி கூடவே அடித்து, "தாண்டும்க்கா" என்றேன்.

இப்போது தேயிலையே கடதாசிப் பையில்தான் போகிறது. போன வாரம் நானுஓயாவில் அதே மூடுபனி. கூரையில் நீள லைட்டு எரிந்தது. தட்டு நிறைய பைகள். பக்கத்துப் பிள்ளை புத்தகத்தை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்துவிட்டு மூடியது. என் பழைய தப்பை யாரோ புதிதாகச் செய்திருக்கிறார்கள்.

"இருட்டா இருக்குல்ல மாமா?"

"மூட்டைக்கு வெளிச்சமாத்தாம்மா இருக்கு" என்றேன்.

அது சிரிக்கவில்லை. அந்தப் பேச்சுக்குச் சிரிக்கத் தெரிந்த பஸ் ஜனம் முழுவதும் எப்போதோ கப்பலேறிவிட்டது.