கில்பர்ட் ஹாடோ மறுபடி கீழே போன நாள்

எங்கள் கார்ன்மூரில் பையன்கள் பள்ளியை விட்டதும் நேராக நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கிவிடுவார்கள். கில்பர்ட் ஹாடோவும் அப்படித்தான் இறங்கினான். ஒருநாள் வடக்குக் குடைவில் கூரை சரிந்தது. தோண்டி எடுக்கும்வரை, அதில் செத்துப்போன மாமாவின் பக்கத்தில் இருட்டில் கிடந்தான்.

அதன்பின் அவன் கால்பந்து ஆடுவது, உயிருக்குப் பயந்து ஓடுகிறவன் ஆட்டம் போலிருக்கும். ஊர்க் கால்பந்து கிளப் அவனைச் சம்பளத்துக்கு எடுத்தது. எதிரே எப்பேர்ப்பட்ட முரடன் வந்தாலும் தலையைக் கொடுத்து மோதுவான். "என்னா தைரியம்டா!" என்று ஊரே கத்தும். நான் வீரர்களின் காலுக்கு எண்ணெய் தேய்த்துக் கட்டுப்போடுகிறவன். எனக்கு உண்மை தெரியும். ஏப்ரல் மாதம் யாரை வைத்துக்கொள்வது, யாரைக் கழிப்பது என்று கமிட்டி கூடும்போது கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தி எடுப்பான். கழித்துவிட்டால் மறுபடி சுரங்கம்தான்.

கடைசியில் முட்டி போனது. வலியை மறைத்து, துணியை இறுக்கிச் சுற்றி ஒரு பருவம் ஓட்டினான். பிறகு மைதானத்திலேயே மடிந்து விழுந்தான். ஆட்டக்காரர்களை எடைபோடும் கண் அவனுக்கு இருந்ததால், கமிட்டி அவனையே மேனேஜர் ஆக்கியது.

அடுத்த ஏப்ரலில் கழிக்கச் சொல்லி அவன் கையில் கொடுத்த பெயர் நினியன் பெய்ர்ட். ஓரத்தில் ஓடி ஆடுகிறவன், வேகம் குறைந்திருந்தது.

"பாஸ், இன்னும் ஒரு வருஷம் பாருங்களேன்."

"கமிட்டி முடிவு பண்ணிடுச்சு, நினியன்."

"அப்போ கீழதான். அது எப்படி இருக்கும்னு நான் ஒங்களுக்குச் சொல்லணுமா?"

கில்பர்ட் பட்டியலில் அவன் பெயரை அடித்தான்; நினியன் சுரங்கத்தில் இறங்கினான்.

மழைக்காலத்தில் ஒரு காலை, பயிற்சி நடக்கும்போது சுரங்கத்துச் சங்கு அலறியது. எல்லோரும் ஓடினோம். வடக்குக் குடைவு மறுபடி சரிந்துவிட்டது, உள்ளே நினியன். அவன் மனைவி எஃபி சால்வையை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள். கில்பர்ட்டைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பழைய வழி தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?" என்று மேஸ்திரி கேட்டார்.

கில்பர்ட் கையைத் தூக்கினான்.

"முட்டி தாங்காதுடா," என்றேன்.

"முட்டிக்கா பயப்படுறேன், ஹியூ? நீயும் கூட வா. தனியா என்னால முடியாது."

ஆட்களை இறக்கும் கூண்டு கீழே போனது. அவன் பற்கள் தந்தியடிப்பது எனக்குக் கேட்டது. கீழே தவழ்ந்து போனோம். கூரையைத் தாங்கும் முட்டுக்கட்டைகள் முனகின, பிடரியில் மண் உதிர்ந்தது. இடுக்கு ஒன்றில் பாதி நுழைந்த கில்பர்ட் அப்படியே உறைந்துவிட்டான். முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை.

"மாமா இங்கதான் இருக்காருடா," என்று அழுதான். என்னால் அவனைத் தாண்டவும் முடியவில்லை. எனக்கும் மூச்சு முட்டியது. இங்கேயே சாகப்போகிறோம் என்றுதான் நினைத்தேன்.

அப்போது மண்ணுக்கு அப்பாலிருந்து ஒரு குரல். "எவன்யா அங்க ஒப்பாரி வைக்கிறது?"

"நான்தான்... கில்பர்ட்."

"பாஸா? ஏன், டீம்ல ஆள் குறையுதா?"

கில்பர்ட் சிரித்தானா, கத்தினானா, தெரியாது. ஆனால் நகர்ந்தான். கையாலேயே மண்ணைப் பிறாண்டினோம். நினியனை வெளியே இழுத்தபோது அவன் ஒரு கால் நசுங்கியிருந்தது. அதை வெட்டித்தான் உயிரைக் காப்பாற்றினார்கள்.

கில்பர்ட்டின் பயம் போகவில்லை, கூடத்தான் செய்தது. மறு ஏப்ரலில் இரண்டு பேரைக் கழிக்க வேண்டியிருந்தது. வேலை தேடி அவனே ஊர் ஊராக அலைந்தான். ஒருவனைச் சாராய ஆலையில் சேர்த்துவிட்டான். இன்னொருவனுக்கு எங்கும் கிடைக்கவில்லை; அவன் சுரங்கத்தில் இறங்கினான்.

அந்தப் பையன் கிளாஸ்கோவில் கப்பல் கட்டும் வேலைக்குப் போகும்வரை, தினமும் மாலையில் கில்பர்ட் சுரங்க வாசலில் போய் நிற்பான். கூண்டு மேலே வந்து, பையனின் கரிபடிந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் வீட்டுக்குப் போவான்.