பாம்பு சாகாத தியேட்டர்

எங்கள் ஊரில் வீட்டுக்குள் பாம்பு வந்தால் யாரும் கம்பைத் தேட மாட்டார்கள். கோயிலுக்கு நேர்ந்துகொண்டு, தகட்டில் செய்த குட்டிப் பாம்பு ஒன்றை வாங்கி உண்டியலில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள். சங்கரன்கோவிலிலேயே பிறந்து வளர்ந்த நானும் தியேட்டர் அண்ணாச்சியும் இதை எப்படி மறந்தோம் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

நான் அப்போது ஒரு சின்ன சமூக வானொலியில் தயாரிப்பாளர். பெயர்தான் பெரிது, ஒலிப்பதிவுக்கு முன்னால் மின்விசிறியை அணைப்பதும் நான்தான். ஒருநாள் அண்ணாச்சி வந்து உட்கார்ந்தார். அவர் தியேட்டரில் கூட்டம் வற்றிப்போய், அதைக் கல்யாண மண்டபமாக்கச் சொல்லி மகன்கள் நச்சரித்துக்கொண்டிருந்த நேரம் அது.

"ராட்சசப் பாம்புப் படம் ஒண்ணு வருதுவே. அதுவும் ஓடலைன்னா சாவியைப் பயலுவ கையில குடுத்திருதேன். ரேடியோவுல நாடகமாப் போட்டு ஊரை நடுங்க வையும்" என்றார். சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் பாவமாக இருந்தது.

படத்தை நாங்கள் இருவருமே பார்க்கவில்லை. டிரெய்லரை மட்டும் பார்த்து ஒரு வாரத்துக்கு நாடகம் எழுதினேன். பாம்பு ஊர்ந்து வருவதற்குத் தரையில் பாயை இழுத்தேன். சீறுவதற்குக் குக்கர். பக்கத்துத் தறிக்கூடத்தின் சத்தத்தை என்ன செய்தும் தடுக்க முடியவில்லை; அதைப் பாம்பின் நெஞ்சுத் துடிப்பு என்று அறிவித்துவிட்டேன்.

முதல் நாள் பாம்பு வாசுதேவநல்லூர் பஸ்ஸை முழுசாக விழுங்கியது. உடனே போன் அடித்தது. நடுங்கிப்போய் யாரோ பேசப்போகிறார்கள் என்று ஆசையாக எடுத்தேன்.

"தம்பி, அது புத்தை எவன் இடிச்சான்?" என்றார் ஓர் அம்மா.

"யாரும் இடிக்கலம்மா."

"இடிக்காம அது ஏன் வெளிய வருது? நல்லா விசாரிச்சுச் சொல்லுய்யா."

யாரிடம் போய் விசாரிப்பது? எழுதியதே நான்! ஆனால் இதே கேள்வியோடு போன் வந்துகொண்டே இருந்ததால், மறுநாள் ஒரு கான்டிராக்டரை விட்டுப் புற்றை இடிக்க வைத்தேன். அவ்வளவுதான், ஊரே பாம்பின் கட்சிக்குப் போய்விட்டது. பால் வைத்தார்களா, முட்டை வைத்தார்களா என்று விசாரணை. பனவடலிசத்திரத்துக்காரர் ஒருவர், கான்டிராக்டரை இன்றைக்கே விழுங்கியாக வேண்டும் என்று மிரட்டினார். பயந்துபோய் விழுங்க வைத்தேன். கடைசி நாள் கதாநாயகன் பாம்பை நெருங்கும் இடத்தில், மீதியைத் தியேட்டரில் பாருங்கள் என்று முடித்தேன்.

படம் வந்த அன்று மதியக் காட்சிக்கே கூட்டம் தெருவரை நின்றது. சிலர் வாசலிலேயே செருப்பைக் கழற்றினார்கள். அண்ணாச்சி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தபோது, படத்தைக் காலையில் ஓட்டிப் பார்த்திருந்த ஆபரேட்டர் வந்தார்.

"அண்ணாச்சி, கடைசில பாம்பைக் குண்டு வச்சுக் கொல்லுதான்."

"போச்சு. மண்டபந்தான்" என்று அண்ணாச்சி படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மண்டபத்துக்குக் கட்டடம் மிஞ்சணுமே அண்ணாச்சி" என்றேன்.

அவர் எழுந்து உள்ளே ஓடினார். பிறகு மைக்கைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார்.

"அவன் குண்டை எடுத்ததும் படத்தை நிறுத்துதோம். மீதியை நீரு சொல்லும்."

திரை இருண்டது. விசில் பறந்தது. நான் மைக்கைப் பிடித்தேன். கதாநாயகன் குண்டைக் கீழே போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். கையோடு புற்றையும் கட்டிக் கொடுத்தான். பாம்பு திரும்பிப் போனது. வானொலியிலிருந்து ஆள் விட்டு எடுத்துவரச் சொன்ன பாயை மைக் முன்னால் இழுத்து இழுத்து, மெல்ல நிறுத்தினேன்.

பெண்கள் பக்கமிருந்து குலவை எழுந்தது. விளக்கைப் போட்டால், திரைக்குக் கீழே தகட்டுப் பாம்புகள் கிடந்தன. அண்ணாச்சி தேம்பித் தேம்பி அழுதார்.

திருவேங்கடம் ஊரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். படம் ஓடிய அத்தனை காட்சிக்கும் நான் பாயோடு நின்றேன். மண்டபம் கேட்ட மகன்கள் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார்கள்.

சில மாதம் கழித்து அந்தப் படத்தை டிவியில் போட்டார்கள். மறுநாள் காலையில் வானொலிக்குப் போன். புற்றை இடித்தது யார் என்று கேட்ட அதே அம்மா.

"தம்பி, இந்த டிவிக்காரன் படத்தைக் கெடுத்துப்புட்டான்யா. கடைசில பாம்பைக் கொன்னுல்லா போட்டிருக்கான்! நம்ம அண்ணாச்சி ஒருத்தர்தான் ஒழுங்காப் போட்டாவ. இனிமே எங்க வீட்ல எந்தப் படம்னாலும் அங்கனதான் போய்ப் பாப்போம், சொல்லிரு."