இரண்டு கதிரை, ஒரு சோதிலிங்கம்

15.05.1998 – ரூ. 75.00
29.05.1998 – ரூ. 75.00
12.06.1998 – ரூ. 75.00
26.06.1998 – ரூ. 112.50
10.07.1998 – ரூ. 75.00
24.07.1998 – ரூ. 75.00

மேலே கண்டவை, கண்டியில் ஒரு திணைக்களத்தின் உரைபெயர்ப்பாளர் சோதிலிங்கம், அதே திணைக்களத்து ஊழியர் சோதிலிங்கத்தின் பேச்சைச் சிங்களத்தில் சொன்னதற்காகப் பெற்ற கொடுப்பனவுகள். நான்காவது அமர்வு அரை மணித்தியாலம் நீண்டது.

அந்த வருடம் பெப்ரவரியில் ஒரு சுற்றிவளைப்பில் அகப்பட்டு மூன்று நாள் தடுப்பில் உள்ளே இருந்துவிட்டு வந்த சோதிலிங்கம், அதன்பின் யார் எதைக் கேட்டாலும் அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். நேரம் கேட்டவருக்கும் நீட்டினார். பிலிமத்தலாவையில் மாம்பழம் விற்றவள் அதை வாங்கிப் பார்த்து, படத்தில் தலைமயிர் இதைவிடக் கூட இருக்கிறதே என்றாளாம். வீட்டில் சோறு போடவா என்று மனைவி இரஞ்சிதம் கேட்டாலும் அட்டைதான் வந்தது.

“இஞ்சை, நான் உங்கட மனுசி. கலியாணம் எழுதேக்கையே எல்லாம் பாத்திட்டன்.”

அவர் உரைபெயர்த்த விசாரணைகள் குழம்பின. மேலதிகாரி ஊழியர் நலத்திட்டத்தில் ஆறு உளவளத்துணை அமர்வுகளுக்குத் தலைமைக் காரியாலயத்துக்கு எழுதினார். தேறினால் வேலை; தேறாவிட்டால் மருத்துவ சபை, பிறகு வீடு. ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

அமர்வுகளை நடத்திய சமூக சேவை உத்தியோகத்தர் மிஸ் மெனிக்கேக்குத் தமிழ் தெரியாது. சோதிலிங்கத்துக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். ஆனால் சுற்றுநிருபத்தின்படி ஊழியர் தாய்மொழியில்தான் மனம் திறக்க வேண்டும். சத்தியம் செய்த உரைபெயர்ப்பாளர் அதைப் பெயர்க்க வேண்டும். கந்தோரில் அப்படிச் சத்தியம் செய்தவர் சோதிலிங்கம் ஒருவரே. பிரதம லிகிதர் ஹபீல் சுற்றுநிருபத்தை மூன்று தரம் வாசித்தார்.

“ரெண்டு பேரும் வேற வேற ஆளா ஈக்கணும் என்டு இதுல எங்கயும் போட்டில்லயே, ஐயா.”

ஆக இரண்டு கதிரை போட்டார்கள். முதல் மூன்று அமர்விலும் சோதிலிங்கம் ஒரு கதிரையில் இருந்து, தான் சுகம் என்று தமிழில் சொன்னார். எழுந்து மற்றதில் இருந்து, அவர் சுகமாம் என்று சிங்களத்தில் சொன்னார். கதிரை மாறும்போதெல்லாம் அட்டையை நீட்டினார். மிஸ் ஒவ்வொரு தரமும் இலக்கத்தைக் குறித்துக்கொண்டார்.

நான்காவதில் அவர் தமிழில் நீளப் பேசினார். உள்ளே இருந்தபோது, தெல்தெனியப் பக்கத் தோட்டத் தொழிலாளி காளிமுத்துவின் வாக்குமூலத்தைப் பெயர்க்கும்படி அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அட்டை கையில் இல்லை, வீட்டில் இருக்கிறது என்றார் காளிமுத்து. அட்டை கையில் இல்லை என்று சோதிலிங்கம் சொன்னதுமே அதிகாரி போதும் என்று கையை உயர்த்தினார். வீட்டில் இருக்கிறது என்ற மிச்சம் சொல்லப்படாமலே நின்றது. காளிமுத்துவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சோதிலிங்கத்தின் இருபத்தேழு வருட உத்தியோகத்தில் பாதியில் விட்ட வசனம் அது ஒன்றுதான்.

கண் கலங்காமல் இவ்வளவும் சொல்லிவிட்டுக் கதிரை மாறினார். காளிமுத்து என்பவரிடம் அட்டை இருக்கவில்லையாம் என்று தொடங்கி நிறுத்தினார்.

“அவர் அரை மணித்தியாலம் பேசினார், நீங்கள் ஒரு வசனம் சொல்கிறீர்கள்,” என்றார் மிஸ். “பாதியை விழுங்கக் கூடாது, மாத்தயா.”

உரைபெயர்ப்பாளர் முழுவதையும் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் தேம்பித் தேம்பி அழுதார். மிஸ் அதையும் எழுதிக்கொண்டார்.

ஐந்தாவதில், தோட்டத்துக்கு எழுதி விசாரித்திருப்பதாக மிஸ் சொன்னார். ஆறாவதில் வந்த பதிலைச் சிங்களத்தில் வாசித்தார். காளிமுத்துவின் மனைவி பாலம்மா அன்று பின்னேரமே அட்டையைக் கொண்டுபோய்க் காட்டி அவரைக் கூட்டிவந்துவிட்டாள். மறுநாள் காலை அவர் தேயிலை மலையில் வேலைக்கு நின்றார். சோதிலிங்கம் வெளியே வந்தது அதற்கும் ஒரு நாள் கழித்து.

கேட்டுக்கொண்டிருந்த உரைபெயர்ப்பாளர் பக்கத்து வெறுங்கதிரையின் பக்கம் திரும்பினார்.

“ஐயா, அந்த மனிசன் அண்டைக்கே வீட்டை போயிட்டாராம்.”

பிறகு எழுந்து அந்தக் கதிரையில் போய் இருந்தார்.

“அப்பிடியே?” என்றார்.

அன்றிலிருந்து அட்டை சட்டைப்பையிலேயே கிடந்தது.

தலைமைக் காரியாலயத்தின் முடிவு சுருக்கமாக இருந்தது. ஊழியர் சோதிலிங்கம் பூரண சுகம், வேலையில் தொடரலாம். உரைபெயர்ப்பாளர் நான்காவது அமர்வில் மனம் உடைந்து அழுதிருப்பதால் அவருக்கு ஆறு அமர்வுகள் அனுமதிக்கப்படுகின்றன. அவருக்கு உரைபெயர்க்க, தேறிய திரு. சோதிலிங்கத்தை அனுப்பி வைக்கவும். கடிதம் வந்த திகதி 02.09.1998.