அலமாரியில் பூட்டிய முட்டைகள்

பட்டுப்புழு ஆராய்ச்சி அலுவலகத்தில் உதவியாளனாகச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. வேலை நிரந்தரமாகுமா, வீட்டுக்கு அனுப்புவார்களா என்பது நான் எழுதப்போகும் முதல் அறிக்கையைப் பொறுத்தது. ஜோகுபாளையத்தில் என் சம்பளத்தை நம்பி அம்மாவும் இரண்டு தங்கைகளும் இருந்தார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

பட்டுப்பூச்சிகள் அன்று காலை முட்டையிட்டிருந்த அட்டை ஒன்றை அதிகாரி என்னிடம் கொடுத்தார். "வளத்துப் பாத்து எழுதுப்பா" என்று சொல்லிவிட்டு, பன்னிரண்டு நாள் சுற்றுப்பயணம் கிளம்பிவிட்டார். நான் நேராக அலுவலக நூலகத்துக்குப் போய்க் கலைக்களஞ்சியத்தை எடுத்தேன். சீமையில் அச்சான தடித்த தொகுதிகள். நான் படித்த கல்லூரியில், 'அதில் இருக்கிறது' என்றால் அத்தோடு பேச்சு முடிந்தது. கோடையில் இட்ட முட்டை குளிர்காலம் முழுவதும் அப்படியே கிடந்து, அடுத்த வசந்தத்தில்தான் பொரியும் என்று போட்டிருந்தது. அப்பாடா என்று அட்டையை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பிறகு அதே தொகுதியைப் பார்த்துப் பதினோரு பக்க அறிக்கை எழுதினேன். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது, அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

அதிகாரி திரும்பும் நாள் காலையில் அலமாரியைத் திறந்தேன். அட்டை முழுக்க எள்ளைத் தூவியதுபோல் குட்டிப் புழுக்கள். பெரும்பாலானவை அசையவில்லை. பின்தோட்டத்துக்கு ஓடி மல்பெரிக் கொழுந்து பறித்து வந்து, நறுக்கிப் போட்டேன். இலையில் ஒரு சிலதான் ஏறின. அதற்குள் வாசலில் வண்டி வந்து நின்றது.

அதிகாரி அட்டையையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"என்சைக்ளோபீடியால வசந்தத்துலதான்னு போட்டிருக்கு சார்." என்றேன்.

"அது சீமைப் புழுப்பா. நம்ம மைசூர்ப் புழு பத்துப் பதினோரு நாள்ல பொரிஞ்சிடும். தோட்டத்துல இலை பறிக்கிறவங்களைக் கேட்டிருந்தாக்கூடச் சொல்லியிருப்பாங்க." என் அறிக்கையைப் புரட்டினார். "சரி, என்னைக்குப் பொரிஞ்சுது?"

நேற்றா, முந்தாநாளா? இத்தனை நாளில் ஒருமுறைகூட நான் அலமாரியைத் திறக்கவில்லை.

"தெரியாது சார்."

"அதை எழுது. உயிரோட இருக்கறதை வளத்து, தினம் பாத்து எழுது. உன் வேலையைப் பத்தி அப்புறம் பேசலாம்."

பதினோரு பக்கத்தையும் மேசை ஓரமாகத் தள்ளிவிட்டு வெற்றுத்தாள் ஒன்றை நீட்டினார். 'பொரிந்த நாள் தெரியாது. நான் பார்க்கவில்லை' என்று எழுதினேன். அந்த ஆராய்ச்சியில் நானாக எழுதிய முதல் வரி அது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

பிறகு உயிரோடு இருந்தவற்றைக் கோழியிறகால் மெல்ல ஒதுக்கி எண்ணினேன். முப்பத்தொன்று. எழுதப் போனவன், பேனாவைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் எண்ணினேன்.