லட்டு பிடிக்க உள்ளூரில் ஆள் இல்லை

சைவக்கடைக் கிளாக் என்றால் பில் எழுதுகிறவன் என்றுதான் சனம் நினைக்கும். வெள்ளவத்தையில் நான் இருந்த கடையில் என் முழுநேர வேலை, முதலாளிக்காகப் பொய்க்கடிதம் எழுதுவது. அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி, சிங்களத்தில் 'நாளைக்கு வா' என்பதை முதற்பாடமாகப் படித்த உங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. யுத்த காலம். எங்கடை ஆட்கள் எல்லாரும் நாட்டைவிட்டுப் போக வழி தேடிக்கொண்டிருக்க, எங்கள் முதலாளி வெளிநாட்டிலிருந்து ஓர் ஆளைக் கொண்டுவந்து இறக்கினார்.

விருந்தாளி

சண்முகம் மாஸ்டர் தமிழ்நாட்டுத் திருநெல்வேலிக்காரர். ஐம்பது வயது, இனிப்பு வேலையில் கைதேர்ந்தவர். கோயில் பார்க்க வருவதாக எழுதி ஒரு மாத விசிட் விசாவில் வந்தார். இங்கே அவர் பார்த்த ஒரே சாமி, எங்கள் குசினிச் சுவரில் தொங்கிய கலண்டர்ப் பிள்ளையார். வந்த மறுநாளே பூந்திச் சட்டிக்கு முன்னால் நின்றார்.

விசிட் விசாவில் வந்தவர் வேலை செய்யக் கூடாது. ஆகவே உத்தியோகத்தர் மாதிரி யாரும் கடைக்குள் வந்தால், மாஸ்டர் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு முன்னால் வந்து சாப்பிட வேண்டும் என்பது முதலாளியின் ஏற்பாடு. ஒருநாள் சுகாதாரப் பரிசோதகர் வந்து, எழும்பாமல் ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டார். மாஸ்டர் கையைக் காட்டி என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இது ஆறாவது தோசை. இன்னும் எவ்வளவு நேரம் நான் விருந்தாளியா இருக்கணும்?"

விளம்பரம்

விசிட் விசாவை மாதாமாதம் நீட்டவும் வேலை விசாவாக மாற்றவும், நான் குடிவரவுக் கந்தோர்ப் படியை எத்தனை தரம் ஏறினேன் என்று எனக்கே தெரியாது. அங்கிருந்த அதிகாரி மாத்தையா ஒருதரம்கூட என் முகத்தைப் பார்த்ததில்லை. இந்த வேலைக்கு உள்ளூரில் ஆள் இல்லை என்று காட்ட வேண்டுமாம். பத்திரிகையில் விளம்பரம் போட்டு, வந்தவர்களின் பெயரையும் அவர்களை ஏன் எடுக்கவில்லை என்ற காரணத்தையும் எழுதிக் கொண்டுவரச் சொன்னார்.

முதலாளியிடம் வந்து சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. "இங்கிலீஸ் பேப்பரிலை போடும். சமையல்காரன் வாசிக்காத பக்கமாப் பாத்துப் போடும்."

வந்தவர்

அப்படிப் போட்டும் ஒருவர் வந்தார். பெயர் கனகரத்தினம். சாவகச்சேரியில் சொந்தமாக இனிப்புக்கடை வைத்திருந்து, இடம்பெயர்ந்து, கொட்டாஞ்சேனை லொட்ஜ் ஒன்றில் தங்கியிருந்தார். அவர் வாங்கிய வடையைச் சுற்றியிருந்தது அந்தப் பேப்பராம். யாரோ வாசித்துச் சொன்னார்களாம்.

செய்து காட்டச் சொன்னோம். லட்டு பிடித்தார். மாஸ்டர் ஒன்றை எடுத்து மென்று, தன்னைவிட நன்றாகச் செய்கிறார் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். பதில் அனுப்புவதாகச் சொல்லி முதலாளி அவரை அனுப்பிவிட்டு, 'தகுதி போதாது' என்று எழுதச் சொன்னார். எனக்குக் கூசியது. ஆனால் கொழும்பில் தங்க நான் பொலிசில் பதிவதற்குப் பொறுப்புக் கடிதம் தருகிறவரும் அவர்தான். எழுதினேன். என் முகத்தைப் பார்த்து முதலாளிக்கும் ஏதோ சொல்ல வேண்டும்போல் இருந்திருக்கும். "அவன் நல்லாத்தான் செய்யிறான். ஆனா நாளைக்கு அவனைப் பொலிஸ் பிடிச்சா, இஞ்சை லட்டை ஆர் பிடிக்கிறது?"

சோதனை

இரண்டு கிழமை கழித்து, பதில் என்னவென்று கேட்கக் கனகரத்தினம் கடைக்கு வந்திருந்தார். நான் தேத்தண்ணி கொடுத்து இருத்தி வைத்தேன். காலை பத்து மணி. அந்த நேரம் பார்த்துப் பொலிஸ் கடையைச் சுற்றி வளைத்தது.

எல்லாரையும் வரிசையில் நிறுத்தினார்கள். மாஸ்டர் கடலைமாக் கையோடு, பெனியனோடு வந்து பாஸ்போட்டை நீட்டினார். விசிட் விசா. பார்த்தவர் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்து, கதிரையில் இருக்கச் சொன்னார். எனக்கும் கனகரத்தினத்துக்கும் அடையாள அட்டையில் யாழ்ப்பாண மாவட்டம். கொழும்புக்கு ஏன் வந்தாய், எத்தனை நாள் நிற்பாய், உனக்கு யார் பொறுப்பு என்று கேட்டார்கள். பிறந்த நாட்டில் இந்தக் கேள்விகளுக்கு என்ன பதில் சொல்வது? ஏற்றிக்கொண்டு போனார்கள்.

பொலிஸ் கூட்டுக்குள் பக்கத்தில் இருந்த கனகரத்தினம், கந்தோருக்குப் போன கடிதத்தில் தன் பெயர் இருக்கிறதா என்று மெல்லக் கேட்டார். இருக்கிறது என்றேன். பொய்யில்லை, இருந்தது. அவர் தலையாட்டினார். "அப்ப சரி தம்பி. பேர் பதிஞ்சிருந்தா ஒருநாளைக்குக் கூப்பிடுவினம்."

முத்திரை

மறுநாள் முதலாளி கடிதத்தோடு வந்து என்னை எடுத்தார். கனகரத்தினத்துக்கும் ஒன்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன். முன்பின் தெரியாத ஆளுக்குத் தான் எப்படிக் கையெழுத்து வைப்பது என்றார். அவர் பிடித்த லட்டில் நாலைத் தின்ற வாய் அது. மூன்று கிழமைக்குப் பிறகுதான் அவரை விட்டார்களாம். கொட்டாஞ்சேனைக்குப் போய் விசாரித்தேன். வவுனியாப் பக்கம் போய்விட்டார் என்றார்கள்.

அந்த மாதமே மாஸ்டருக்கு வேலை விசா கிடைத்தது. அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். மாத்தையா முத்திரையைக் குத்தி, அன்றைக்குத்தான் நிமிர்ந்து சிரித்தார். என்னைப் பார்த்து அல்ல, மாஸ்டரைப் பார்த்து. சிங்களத்தில் அவர் சொன்னதைத் தமிழில் சொல்லிக் கொடுத்தது நான்தான். "இந்த நாட்டிலை பயப்பட ஒண்டுமில்லை, விரும்பின காலம் மட்டும் இருக்கச் சொல்லு."

அந்த வருசம் எங்கள் கடையில், கொழும்பில் தங்கி வேலை செய்ய அரசாங்கத்தின் முழு அனுமதி பெற்ற தமிழர் ஒரே ஒருத்தர்தான், அவரும் திருநெல்வேலிக்காரர்.